நேத்தக்கா கொடுத்துவிட்ட கதை

என் நாத்தனார் காது பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறாள். மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சுப் பலகை ஒட்டிய சின்ன அறை. உள்ளே ஒரு நாற்காலியும் ஒரு ஹெட்ஃபோனும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள். வருகிறவர்களிடம் எத்தனை நாளாகக் காது மந்தம் என்று அவள் ஆரம்பிப்பதில்லை. "நேத்து காலையில எழுந்ததுலேருந்து சொல்லுங்க" என்பாள். அலாரம் அடித்ததா, அதை யார் அணைத்தார்கள், குக்கர் விசில் எண்ணினீர்களா, பேரன் கூப்பிட்டபோது எந்தப் பக்கம் திரும்பினீர்கள் என்று அது போய்க்கொண்டே இருக்கும். பத்து நிமிடத்தில் பாதி விஷயம் வெளியே வந்துவிடும். மீதியைத்தான் இயந்திரத்திடம் கேட்பாள்.

இந்த வழக்கம் மருத்துவமனையில் வந்ததில்லை. அதற்கு முன்னால் எட்டு வருஷம் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்தாள்.

கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே இருந்தது கடை. இரண்டு பெரிய மெஷின்கள், மூன்று கம்ப்யூட்டர்கள், ஒரு லேமினேஷன் பெட்டி, காகிதம் விழுங்குகிற ஒரு பிரிண்டர். பள்ளி முடித்த கையோடு ஒரு வருஷத்துக்கு என்று போனவள் எட்டு வருஷம் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். காரணம் என் மாமனார். அவர் லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் அறைகளிலேயே இருபத்தைந்து வருஷம் கிடந்ததில் அவருக்குக் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய், மகள் பள்ளியை முடித்த வருஷம் சுத்தமாகப் போய்விட்டது. அவருக்கு வரும் போனை எடுக்க, அவர் கூடப் போய் நிற்க, பக்கத்திலேயே ஒருத்தர் வேண்டியிருந்தது. என் கணவருக்கு அப்போதுதான் வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. ஆக, மிச்சம் இருந்தது அவள்தான்.

கல்லூரிக்கு மனுப் போடுகிற மாதங்களில் கடை வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. எல்லா மனுவிலும் கடைசிப் பக்கம் காலியாக இருக்கும்: உங்களைப் பற்றி ஐந்நூறு சொற்களில் எழுதவும். வேதியியலில் தொண்ணூற்றைந்து வாங்கினவர்கள்கூட அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் வெளிறிப்போய் நிற்பார்கள். சிலர் இணையத்தில் தேடி, சிறுவயது முதலே மனித குலத்துக்குச் சேவை செய்ய விழைந்தேன் என்று எழுதிக்கொண்டு வருவார்கள். டைப் அடிக்கத்தான் அவளுக்குச் சம்பளம். ஆனால் அந்த வாக்கியத்தை ஒரே நாளில் ஆறு தடவை அடித்த பிறகு அவளுக்கு விரல் கூசியது. ஏழாவதாக வந்தவனிடம், "சிறுவயசெல்லாம் இருக்கட்டும். நேத்து காலையில எழுந்ததுலேருந்து சொல்லு" என்றாள். அவன் சொன்னான். தம்பிக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டதைச் சொன்னான், பேருந்தில் நடத்துநருக்குச் சில்லறை எண்ண உதவியதைச் சொன்னான். அதிலிருந்து அவனே எழுதினான். அவனுக்கு இடம் கிடைத்தது. அடுத்த வருஷம் அவன் தங்கையைக் கூட்டி வந்தான். அதற்குள் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவளை நேத்தக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். வீட்டில் நாங்களும் கிண்டலுக்கு அப்படியே கூப்பிட்டோம்.

அவர்கள் சொல்லச் சொல்ல அவள் ஒரு நீள நோட்டில் குறித்துக்கொள்வாள். கம்ப்யூட்டரில் எதுவும் தங்காது. சனிக்கிழமை சாயங்காலம் எல்லாக் கோப்பையும் அழித்துவிட வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. "அடுத்தவன் சர்டிபிகேட் நம்ம மெஷின்ல இருந்தா அது நமக்குத் தலைவலி" என்பார். நோட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டுகள் லேமினேஷன் பெட்டிக்குக் கீழே அடுக்கடுக்காக இருந்தன.

இருபத்தைந்து முடிந்து ஏழு மாதம் ஆனபோது அவளும் ஒரு மனுப் போட்டாள். காது, பேச்சு சிகிச்சைப் படிப்பு. அதே எதிர்க் கல்லூரி. அந்தப் படிப்பில் இருபத்தாறு வயதுக்கு மேல் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அவளுக்கு ஐந்து மாதம்தான் மிச்சம் இருந்தது. இந்த வருஷம் விட்டால் விட்டதுதான். யாருக்கும் சொல்லவில்லை, அப்பாவுக்கு மட்டும் போனில் தட்டிக் காட்டினாள். அவர் அதைப் படித்துவிட்டு அவள் காதோடு ரகசியமாக, "நல்லாப் படிம்மா, காதுப் படிப்பு நம்ம வீட்டுக்கு ரொம்ப தேவை" என்றார். தன் குரல் தனக்குக் கேட்காததால் அவர் ரகசியம் எப்போதும் நாலு மாடிக்குக் கேட்கும். மறுநாள் காலையில் முதல் மாடி வீட்டு அம்மாள் படிக்கட்டில் நிறுத்தி வாழ்த்துச் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அதன் படத்தை எனக்கு அனுப்பினாள். அலுவலகக் கடிதம் என்றாலே எனக்குப் பயம். கணவரோடு வெளிநாடு வந்ததிலிருந்து எங்கள் வாழ்க்கையே அப்படிப்பட்ட உறைகளை நம்பித்தான் ஓடுகிறது. இரண்டு மொழியில் படித்துப் பார்த்தாலும் மிரட்டலா வேண்டுகோளா என்று விளங்காது. இதில் விளங்கியது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே கல்லூரியில் சேர்ந்த ஒரு மாணவியின் கட்டுரையோடு உங்கள் கட்டுரை பெருமளவு ஒத்திருக்கிறது, செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு நேரில் வந்து விளக்கம் தரவும், தவறினால் மனு நிராகரிக்கப்படும்.

"யாருடையதைப் பார்த்து எழுதினே?" என்று கேட்டுவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"என்னுடையதைத்தான் அண்ணி" என்றாள்.

நடந்தது இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால், மனுவுக்குக் கடைசி நாளன்று, மரச்சாமான் கடைக்காரரின் மகள் ஒருத்தி வந்திருக்கிறாள். நல்ல மார்க். கடைசிப் பக்கம் மட்டும் வெள்ளை. "எனக்கு வாழ்க்கையில ஒண்ணுமே நடக்கலைக்கா. யாரும் சாகலை, யாரும் ஓடிப்போகலை" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். வெளியே பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். பிரிண்டர் காகிதத்தை மென்றுகொண்டிருந்தது. நேத்தக்கா அவளிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டு, அரைப் பக்கம் குறித்து, பிறகு பொறுமை இழந்து, தன் கதையை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அப்பா என்ற இடத்தில் மாமா என்று மாற்றினாள். அவ்வளவுதான் மாற்றம்.

அந்தக் கதையை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அவளுக்குப் பதினைந்து வயது. உதவியாளர் வராத ஒரு மதியம், மாமனார் அவளைக் கூட்டிக்கொண்டு பழுதான ஒரு லிஃப்ட்டுக்குப் போனார். நாலாவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றிருந்தது. உள்ளே ஓர் அலுவலகப் பெண்ணும் பார்சல் கொண்டுவந்த ஆளும். அவர் மேலே மோட்டார் அறைக்குப் போய்ச் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். இவள் ஐந்தாவது மாடியில் மூடின கதவுக்கு முன்னால் நிற்க வேண்டும். லிஃப்ட் தளத்துக்கு வந்ததும் அவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். சட்டைப் பையில் போன் அதிர்ந்தால் அவர் நிறுத்துவார். உள்ளே அந்தப் பெண்ணுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் இவள் நடப்பதை அப்படியே சொன்னாள். "அப்பா இப்ப ஏழாவது மாடி ஏறிட்டிருக்காரு. எட்டுல கொஞ்சம் நிப்பாரு, முழங்கால் வலி. இப்ப பூட்டைத் திறக்கறாரு. சாவி தப்பா எடுத்திருப்பாரு, எப்பவும் அப்படித்தான்." நாற்பது நிமிடம் பேசினாள். கதவு திறந்தபோது பார்சல்காரர், உங்கப்பா சாவியை முதலில் மாற்றச் சொல்லு என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தாராம்.

தன் மனுவுக்கு உட்கார்ந்தபோது அவள் இதையேதான் எழுதினாள். கொடுத்தது நினைவில் இருந்தது. கொடுத்த பிறகு அது தன்னிடம் இல்லை என்பதுதான் அவளுக்குத் தோன்றவில்லை. வேறு படிப்பு, மூன்று வருஷப் பழைய காகிதம், யார் ஒப்பிடப்போகிறார்கள் என்றும் நினைத்திருக்கிறாள். பழைய பிரதி எதுவும் கையில் கிடையாது. ஆனால் ஒரே வாய் ஒரே கதையைச் சொன்னால் வாக்கியம் வாக்கியமாக அப்படியேதான் வரும் போலிருக்கிறது.

மரச்சாமான் கடைக்காரர் மகளுக்கும் ஒரு கடிதம் போயிருந்தது. சனிக்கிழமை அவள் கடைக்கு ஓடி வந்தாள். கடைசி வருஷப் படிப்பு. முகம் வீங்கியிருந்தது. ஆனால் கையில் திட்டத்தோடு வந்திருந்தாள்.

"அக்கா, நாம ரெண்டு பேரும் சொந்தம்னு சொல்லிடலாம். எனக்கு மாமா, உங்களுக்கு அப்பா. அன்னிக்கு நானும் அங்கதான் நின்னேன். ரெண்டு பேரும் பார்த்தோம், ரெண்டு பேரும் எழுதினோம்."

"ரெண்டு பேரும் ஒரே கமாவைப் போட்டோமா?" என்று கேட்டாளாம் நாத்தனார்.

அந்தப் பெண் ஸ்டேப்ளரை எடுத்துத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு, "என்னை அனுப்பிடுவாங்களாக்கா?" என்றாள்.

அன்று மதியம் என்னிடம் இதைச் சொன்னபோது, உண்மையைச் சொல்லவேண்டுமானால், சொந்தக்காரத் திட்டம் எனக்கு நல்ல யோசனையாகவே பட்டது. ஒன்றையும் ஒத்துக்கொள்ளாதே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல், எதிலும் கையெழுத்துப் போடாதே என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "அண்ணி, உங்களை யாராவது விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்களா என்ன? இவ்வளவு பாயிண்ட் வச்சிருக்கீங்க" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் அவளும் அப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கவில்லை. ஒத்துக்கொண்டால் அந்தப் பெண்ணின் படிப்பு போகலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் தன்னுடையது போகும்.

திங்கட்கிழமை, கடையில் ஆள் இல்லாத சாப்பாட்டு நேரத்தில், லேமினேஷன் பெட்டிக்குக் கீழேயிருந்த நோட்டுகளை இழுத்துப்போட்டாள். தான்தான் எழுதிக்கொடுத்தோம் என்பதற்கு ஏதாவது அத்தாட்சி இருக்குமா என்று தேடினாள். இருந்தது. தேதி போட்டு, அந்தப் பெண்ணின் அரைப் பக்கம். அதை எனக்குப் போனில் படித்துக் காட்டினாள்.

எழுந்தது ஆறரை. பல். கடை திறக்க அப்பாவோடு. பள்ளி நாட்களில் ஹோம்வொர்க்கும் கடையில்தான், விற்பனைக்கு இருக்கிற மேசையில். வட்ட மேசை விற்றுப்போனது, அதனால் தேக்கு மேசை. பரீட்சைக்கு முந்தின நாள் தேக்கு மேசையும் விற்றுப்போனது, இழுப்பறைக்குள் பூகோள நோட்டு. வாங்கினவர் வீட்டுக்கு அப்பாவோடு போய், அவர்கள் சாப்பிட்டு முடிக்கிறவரை நின்று, வாங்கி வந்தாள். மேசையில் மை சிந்தக்கூடாது என்பதால் பென்சிலில்தான் எழுதுவாள். யாராவது வாங்க வந்தால் எழுந்து, மேசை உறுதியானது என்று ஆட்டிக் காட்டுவாள்.

அதற்குக் கீழே நாத்தனாரின் கையெழுத்தில், அடிக்கோடு போட்டு ஒரு வரி: ஒன்றும் இல்லை. வேற கதை வேணும்.

அவள் நோட்டை மூடுகிற சத்தம் போனில் கேட்டது.

"அண்ணி, இவளுக்குப் பன்னெண்டு வருஷம் சொந்தமா ஒரு மேசை கிடையாது. என் முன்னாடி உட்கார்ந்து சொல்லியிருக்கா. நான் எழுதிக்கூட வச்சிருக்கேன். காதுல விழலை."

செவ்வாய்க்கிழமை மாமனாரும் கூடப் போனார். வரவேண்டாம் என்று எழுதிக் காட்டியும் கேட்கவில்லை. கேட்காதது அவருக்குச் சௌகரியமாகப் பல சமயம் இருந்திருக்கிறது. நிர்வாகக் கட்டடத்தின் இரண்டாவது மாடி. அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, நீள நோட்டோடு உள்ளே போனாள்.

உள்ளே மூன்று பேர். துறைத் தலைவரான அம்மையார், சேர்க்கைப் பிரிவு அதிகாரி, குறிப்பெடுக்க ஓர் இளம் விரிவுரையாளர். மேசையில் இரண்டு கட்டுரைகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒத்த வரிகளுக்கெல்லாம் மஞ்சள் மை. இரண்டு பக்கமும் மஞ்சள் குளித்தது போல இருந்தது.

அம்மையார் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். "இதுல எது முதல்ல வந்தது?"

"தேதிப்படி அவங்களது. நடந்தபடி என்னது."

லிஃப்ட் மெக்கானிக்கின் மகள் நீங்கள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று அதிகாரி கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் வெளியே தாழ்வாரத்திலிருந்து மாமனாரின் குரல் வந்தது. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரிடமோ ரகசியம் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்த லிஃப்ட்டுல ஏறாதீங்க. கதவு மூடறப்ப ரெண்டு தடவை உதறுது பாருங்க. ரோலர் தேஞ்சுபோச்சு. இன்னும் பத்து நாள் தாங்கினா பெரிசு." குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் பேனாவை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினார். அதிகாரி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

பிறகு அவள் நோட்டைத் திறந்து வைத்தாள். கடையில் என்ன செய்தாள், எப்படிக் கேட்பாள், அன்றைக்கு வரிசையில் எத்தனை பேர், எல்லாவற்றையும் சொன்னாள். டைப் கூலிக்கு மேல் எதுவும் வாங்கவில்லை என்றாள். அந்தப் பெண் திருடவில்லை, கேட்கவும் இல்லை, அவசரத்தில் நான்தான் கையில் திணித்தேன் என்றாள். அம்மையார் அந்த அரைப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். அடிக்கோடிட்ட வரியில் விரலை வைத்தார்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தான்."

"ஒன்றும் இல்லைன்னு?"

"ஆமா. அதுதான் நான் செஞ்ச தப்பு. கதையைக் கொடுத்ததுகூட அப்புறம்தான்."

அப்படியானால் இப்போது என்ன செய்வது என்று அதிகாரி, தன் தலையில் விழுந்தது போலக் கேட்டார். அவளுக்கு அப்போது பயம் போயிருந்ததாம். எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை. எட்டு வருஷம் மற்றவர்கள் அந்தக் கடைசிப் பக்கத்துக்கு முன்னால் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறாள். உட்கார்ந்தால் எழுதிவிடலாம் என்பது அவளுக்குத் தெரியும்.

"லிஃப்ட் கதையை நான் கொடுத்துட்டேன் மேடம். திரும்ப வாங்கிக்க மாட்டேன். என் மனுவுலேருந்து எடுத்துடுங்க. எனக்கு ஒரு மணி நேரமும் நாலு காகிதமும் கொடுங்க, வேற எழுதறேன். அந்தப் பொண்ணுக்கும் ஒரு மணி நேரம் கொடுங்க. அவகிட்ட என்னைவிட நல்ல கதை இருக்கு."

மூன்று பேரும் அவளை வெளியே போகச் சொல்லிவிட்டுப் பேசினார்கள். கால் மணி நேரம் ஆனது. அதற்குள் மாமனார் பெஞ்சில் இருந்தவருக்குத் தாழ்வார விளக்குகளின் குறைகளையும் சொல்லி முடித்திருந்தார். பக்கத்து அறையைத் திறந்துவிட்டார்கள். பதினோரு மணிக்கு வந்த மரச்சாமான் கடைக்காரர் மகளை அதற்கு அடுத்த அறையில் உட்கார வைத்தார்கள். அவள் போகிற போக்கில் கலவரத்தோடு, "என்னத்தக்கா எழுதறது?" என்று கேட்டாள். நாத்தனார் நோட்டைக் கொடுக்கவில்லை. "மேசை" என்று மட்டும் சொன்னாள்.

தான் எழுதியதை அவள் எனக்குப் பின்னால் அனுப்பினாள். காது கேளாத அப்பாவோடு வளர்ந்ததால் கேட்பதில் தான் கெட்டிக்காரி என்று நினைத்திருந்ததாக அது தொடங்குகிறது. ஒரு பெண் தன் முன்னால் உட்கார்ந்து அரைப் பக்கம் பேசியதையும், அதை எழுதிக்கொண்டே தவறவிட்டதையும் சொல்கிறது. கேட்காமல் போவதற்குக் காது பழுதாக இருக்கவேண்டிய அவசியமில்லை, வெளியே பதினோரு பேர் நின்றால் போதும் என்று ஒரு வரி. மேசை என்ன ஆனது என்று அதில் இல்லை. அது அந்தப் பெண் சொல்லவேண்டியது என்று விட்டுவிட்டாள். ஐந்நூறு சொற்களுக்கு நானூற்றுப் பதினாறுதான் இருந்தது. இன்னும் எண்பது எழுதியிருக்கலாமே என்று நான் கவலைப்பட்டேன். "சொல்ல வேண்டியது தீர்ந்துபோச்சு அண்ணி" என்றாள்.

இந்தக் கதை பின்னால் வேலைக்குப் போனபோதும் உதவியதாம். நேர்முகத்தில் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றதும் நாலே வாக்கியத்தில் மேசைக்காரியைத் தவறவிட்டதைச் சொன்னாள். வந்தவர்கள் எல்லாரும் தங்கள் வெற்றியைச் சொன்ன நாளில் அவள் ஒருத்திதான் அப்படிச் சொன்னாள் என்று அந்த மருத்துவமனைக்காரர்கள் இன்னும் சொல்கிறார்கள். ஆனால் அது நாலு வருஷம் தள்ளி.

கல்லூரியின் பதில் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அவள் கடையில் இருந்தாள். வீட்டில் மாமனார் மட்டும். உறையைப் பிரித்துவிட்டார். சாயங்காலம் அவள் அடுக்குமாடி வாசலுக்கு வந்ததும் காவல்காரர் எழுந்து நின்று கை கூப்பினார். முதல் மாடியில் அந்த அம்மாள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, காதுக்குள் ஒரு இரைச்சல் கேட்கிறது, படிப்பு எப்போது முடியும் என்றார். இரண்டாவது மாடியில் அவளோடு இதுவரை பேசியே இராத ஒரு கல்லூரிப் பையன் மேடம் என்று கூப்பிட்டான். மூன்றாவது மாடியில் தன் வீட்டுக்கு வருவதற்குள் வகுப்பு எந்தத் தேதியில் ஆரம்பம் என்பதுவரை அவளுக்குத் தெரிந்துவிட்டது. மரச்சாமான் கடைக்காரர் மகளிடமிருந்தும் போனில் ஒரு செய்தி வந்திருந்தது: ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள், அப்பா இன்றைக்குத் தேக்கு மேசை ஒன்றை வீட்டுக்கே அனுப்பியிருக்கிறார், விற்பனைக்கு இல்லையாம்.

கதவைத் திறந்தபோது மாமனார் உறையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றார். அவள் வாயை நன்றாகத் திறந்து, அவர் உதட்டைப் படிக்கும்படி, "யார்கிட்டயும் சொல்லலியே?" என்று கேட்டாள்.

அவர் குனிந்து அவள் காதுக்குப் பக்கத்தில் வந்தார்.

"ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலைம்மா" என்றார்.

கீழே மூன்று மாடியிலும் சிரிப்பது கேட்டது.